மருந்தளவு விவரம் ஒரே தாளில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிறப்புத் தேவையுடைய பிள்ளைக்கு வலிப்பு சிகிச்சை ஓரிடம், பேச்சுப் பயிற்சி வேறிடம், தடுப்பூசி பலதுறை மருந்தகத்தில். சிங்கப்பூரின் தேசிய மின்னியல் மருத்துவப் பதிவு மருத்துவர், தாதி போன்ற சுகாதாரப் பணியாளர்களுக்குத்தான்; பள்ளி ஆசிரியரோ இல்லப் பணிப்பெண்ணோ அதைப் பார்க்க முடியாது. ஆகவே, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எல்லாருக்கும் உதவ, விவரங்கள் அனைத்தும் ஒரே தாளில் வேண்டும்.

சிக்கல் வருவது மருந்தளவில். ‘5 மில்லிலிட்டர்’ என்று மட்டும் எழுதினால் ஆபத்து. 5 மில்லிலிட்டரில் 200 மில்லிகிராம் உள்ள மருந்துக்குப் பதில் வேறு அடர்த்தியுள்ள புட்டி வந்தால், பிள்ளைக்குப் போகும் மருந்து கூடும் அல்லது குறையும். மில்லிகிராம், மில்லிலிட்டர் இரண்டையும் எழுதி, பக்கத்தில் பிள்ளையின் எடை, எடை பார்த்த தேதி குறிக்க வேண்டும். எடை கூடினால் மருத்துவர் அளவைத் திரும்பக் கணக்கிட வேண்டியிருக்கும். ஒவ்வாமை, உணவூட்டும் குழாயின் அளவு, அதை மாற்றிய நாள், வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் அவசர மருத்துவ வாகனத்துக்கு 995-ஐ அழைக்க வேண்டும் என்ற குறிப்பு எல்லாம் அதே தாளில் அடங்கும்.

தாளே இல்லாததைவிட, திருத்தப்படாத பழைய தாள் மோசம். ஆகவே, மருந்து மாறும் அன்றே தாளைத் திருத்தும் பொறுப்பை மருத்துவமனை ஒரு தாதியிடம் பெயர் குறிப்பிட்டு ஒப்படைக்கட்டும். பாட்டி பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்குத் தமிழ்ப் படியும் தரலாம். மருந்தின் பெயர் மட்டும் புட்டியில் உள்ளபடியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்