பசி மாதங்களில் விளக்கைப் பூட்டாதீர்கள்

மலாவி எரிசக்தி அமைச்சகத்துக்கும், ஆப்பிரிக்க வீடுகளுக்கு மின்சாரம் கொடுக்கும் 'மிஷன் 300' திட்டத்தை நடத்தும் உலக வங்கி, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கூரைப் பேனல், பேட்டரிப் பெட்டி, பல்பு எல்லாவற்றையும் தவணையில் விற்கும் தவணை சோலார் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. செல்போனில் பணம் கட்டினால் ஒரு எண் வரும், அதைப் பெட்டியில் அழுத்தினால் விளக்கு எரியும். கட்டாவிட்டால் பெட்டி தானாகப் பூட்டிக்கொள்ளும்.

அந்தப் பூட்டைத்தான் பிப்ரவரியில் சலீமா மாவட்டத்தில், என்னோடு வேலை பார்ப்பவரின் அம்மா வீட்டில் பார்த்தேன். கூரையில் பேனல் இருக்கிறது, நல்ல வெயில், பேட்டரி நிரம்பியிருக்கிறது, ஆனால் பல்பு எரியவில்லை, போனும் சார்ஜ் ஏறவில்லை. போனில் சார்ஜ் இல்லாததால் மகன் தலைநகர் லிலோங்வேயிலிருந்து அனுப்பும் பணத்தை எடுக்கவும் வழியில்லை, அதாவது தவணை கட்டுவதற்கே முதலில் சந்தைக்கு நடந்துபோய்க் காசு கொடுத்து போனை சார்ஜ் போட்டுவர வேண்டும். ராத்திரிக்கு அந்த அம்மா பழையபடி கட்டை பேட்டரி டார்ச்சைத்தான் வைத்திருந்தார். விற்ற நிறுவனத்தின் ஆளிடம் கேட்டதற்கு, "எண்ணை அழுத்துங்கள், எரியும்" என்றார். அது எங்களுக்கும் தெரியும் ஐயா.

டிசம்பர் முதல் மார்ச் வரை மலாவி கிராமங்களில் கையிருப்புச் சோளம் தீர்ந்துபோகும் காலம். புதுச் சோளம் ஏப்ரலில்தான் வரும், புகையிலை ஏலமும் அதையொட்டித்தான் தொடங்கும். சிமா என்கிற சோளக் களி கிண்டவே மாவு இல்லாத வீட்டில் தவணை எப்படி வரும்? எங்கள் ஊர் வட்டிக்காரர்கூட, மனசில்லாவிட்டாலும், "சரி, அறுப்பு முடியட்டும்" என்று போய்விடுவார். உங்கள் பெட்டிக்கு அந்த அளவு இரக்கம்கூட இல்லை. மழைக்காலத்தில் மேகம் மூடிப் பாதி நாள் சார்ஜே சரியாக ஏறாது, அதற்கும் சேர்த்துத்தான் தவணை.

நான் முக்கியமாகக் கேட்பது இதுதான்: டிசம்பர் முதல் மார்ச் வரை தவணை பாக்கிக்காக விளக்கைப் பூட்டக் கூடாது. அந்த மாதங்களின் பணத்தை அறுவடைக்குப் பின் வாங்கிக்கொள்ளட்டும்.

நிறுவனங்களுக்கும் நெருக்கடி உண்டு, மறுக்கவில்லை. பேனலும் பேட்டரியும் டாலர் கொடுத்து வாங்குபவை. 2023 நவம்பரில் மலாவி நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்து, டாலரின் விலையை ஒரேயடியாக 44 சதவீதம் ஏற்றியபோது அவர்கள் கணக்கெல்லாம் தலைகீழானது. அந்தச் சுமையைத் தாங்கத்தான் உங்களைப் போன்ற வங்கிகள் இருக்கின்றன என்று நினைத்தேன். நான்கு மாத இடைவெளியை ஈடுகட்ட உள்ளூர்ப் பணத்திலேயே ஒரு கடன் கொடுத்தால் நிறுவனம் ஏன் பூட்டப்போகிறது? இப்போது டாலர் ஏறினாலும் மழை பொய்த்தாலும் கடைசியில் இருட்டில் உட்காருவது ஓலைக் கூரைக்காரர்தான்.

இதே சலீமாவில் 2021-இல் 60 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. நல்ல காரியம், அதில் குறை சொல்லவில்லை. நீர்மின்சாரத்துக்கு ஷைர் ஆற்றை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை 2022 ஜனவரியில் ஆனா புயல் காட்டியது: அந்த ஆற்றிலுள்ள கபிச்சிரா அணை உடைந்து சுமார் 130 மெகாவாட் போனது, கம்பி வந்த வீடுகளும் மணிக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஆனால் அந்தச் சூரிய மின் நிலையத்தின் மின்சாரம் தேசியக் கட்டமைப்புக்குப் போகிறது, கம்பியே வராத கிராமத்துக்கு அதனால் என்ன? அங்கே இந்தப் பெட்டிதான் மின்வாரியம், இந்தப் பூட்டுதான் மின்வெட்டு.

2025 ஜனவரியில் தார் எஸ் சலாமில் கூடி, 2030-க்குள் 30 கோடி ஆப்பிரிக்கர்களுக்கு மின்சாரம் என்று அறிவித்தீர்கள். மலாவியும் கையெழுத்திட்டது. அந்த 30 கோடியில் பிப்ரவரியில் பூட்டிக் கிடந்த பெட்டியும் ஒன்றாக எண்ணப்படுமா? எண்ணுவீர்கள் என்றால் வேலை மிகவும் சுலபம், பெட்டியை இறக்கிவைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம், எரிகிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை பூட்டக் கூடாது என்பதை அமைச்சகம் விற்கும் நிறுவனங்களின் உரிமத்திலேயே நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும், வங்கிகள் அதற்கான கடனை ஒதுக்க வேண்டும், எத்தனை பெட்டி விற்றது என்பதோடு எத்தனை பெட்டி எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது என்பதையும் வெளியிட வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே செய்தால் உதவியாக இருக்கும். தயவுசெய்து பரிசீலியுங்கள்.

இப்படிக்கு,
லிலோங்வேயில் வேலை பார்க்கும் ஒரு தமிழன்