வளைவை அப்புறம் கட்டலாம், முதலில் வேன்

மலேசியாவின் ஜொகூரில், கூலாய் பக்கம் இருக்கும் நம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு வணக்கம்.

போன ஞாயிறு கூட்டத்தில் ஓர் அண்ணன் எழுந்து, "சிங்கப்பூரைப் பாருங்க, காசுல கூட தமிழ் இருக்கு, நமக்கு என்ன இருக்கு?" என்றதும் எல்லாரும் கைதட்டினீர்கள், அதே சூட்டில் பள்ளி வாசலில் பெரிய தமிழ் வளைவு கட்டுவது என்றும் முடிவு செய்துவிட்டீர்கள். அங்கே எனக்கு வாய் வரவில்லை, அதான் எழுதுகிறேன்.

அண்ணன் சொன்னது பொய்யில்லை. சுமார் 730 சதுர கிலோமீட்டர் ஊர், 2020 கணக்கெடுப்பில் அதற்குள் 57 லட்சம் பேர், நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. தினமும் மோட்டாரில் ஜொகூர்-சிங்கப்பூர் பாலம் தாண்டி அங்கே வேலைக்குப் போகிறவன் நான், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அதே கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ்தான் என்றவர்கள் 2.5 விழுக்காடு. 2010இல் 3.3 இருந்தது. மாண்டரினும் மலாயும்கூட இறங்கித்தான் இருக்கின்றன. ஆங்கிலம் மட்டும் 32.3இலிருந்து 48.3க்கு ஏறிவிட்டது. அங்கே பள்ளியில் தமிழ் ஒரு பாடம், மற்றதெல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் எல்லாப் பாடமும் நடந்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியை 1982இலேயே மூடிவிட்டார்கள்.

என் தங்கை சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் இருக்கிறாள். அவள் மகனுக்கு எட்டு வயது. அவர்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஏதோ கட்டுமான வேலை, வேலியில் நான்கு மொழியிலும் பலகை. "படிய்யா" என்றார் என் அம்மா. பையன் 'அ... பா... யம்' என்று எழுத்துக்கூட்டி அழகாகப் படித்தான். படித்துவிட்டு அதற்கு என்ன அர்த்தம் என்று ஆங்கிலத்தில் கேட்டான், அதுவும் என்னிடம். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாதே.

நம் பள்ளியில் பிள்ளைகள் கணக்கைத் தமிழில் போடுகிறார்கள், ஓய்வு நேரத்தில் சண்டையும் தமிழில்தான் (கெட்ட வார்த்தையும் சேர்த்து, அது வேறு கதை). இதை எந்தப் பலகையும் கொடுக்காது. ஆனால் இந்த வருஷம் ஒன்றாம் ஆண்டில் ஒன்பதே பேர். ஏன்? பால்மரத்தை (ரப்பர்) வெட்டிச் செம்பனை நட்டதும் சனம் தோட்டத்து லயத்து வீடுகளை விட்டுத் தாமானுக்கு, அதாவது வெளியே இருக்கும் குடியிருப்புப் பேட்டைக்குப் போய்விட்டது, பள்ளி மட்டும் தோட்டத்துக்குள்ளேயே நிற்கிறது. காலை ஐந்து மணிக்குப் பாலத்துக்குக் கிளம்பும் அப்பனும் ஃபேக்டரி பஸ் ஏறும் அம்மாவும் பிள்ளையைச் செம்மண் ரோட்டில் எப்படிக் கொண்டுவந்து விடுவார்கள்? பக்கத்தில் இருக்கிற பள்ளியில் போட்டுவிடுகிறார்கள். அவர்களைத் திட்டிப் புண்ணியமில்லை.

ஆகவே வளைவுக்கு வசூலிக்கும் பணத்தில் தாமானிலிருந்து ஒரு வேன் விடுங்கள். என் பங்கு மாதம் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்), ரசீதை இப்போதே எழுதி வையுங்கள், சனிக்கிழமை வந்து கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றின் அப்பா