கொடி கட்டப் பழக ஒரு நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், கூட்டுறவுச் சங்கம் என்று எங்கு பார்த்தாலும் கொடி ஏறுகிறது. சில இடங்களில் மட்டும் சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுத்தும், மடித்துக் கட்டி மேலேற்றிய கொடிப் பொட்டலம் அவிழாது. வேகமாக இழுத்தால் பொட்டலமே கீழே இறங்கி வந்துவிடும். காற்று இல்லை என்று சமாளிப்பார்கள். காற்றின் மேல் பழி போட ஒன்றுமில்லை, கட்டியவருக்கு யாரும் கட்டச் சொல்லித் தரவில்லை. அதற்காகவே ஆண்டுக்கு ஒரு நாள் இரு மாவட்டத்துக்கும் பொதுவாக ஒரு கூட்டம் நடத்த வேண்டும் என்று கேட்கவே இக்கடிதம்.

கொடிகளுக்கென்று கூட்டமா என்று சிரிக்க வேண்டாம். கொடிகளைப் படிப்பது ஒரு துறை. அதற்கு 'வெக்சிலாலஜி' என்று பெயர் வைத்த அமெரிக்கர் விட்னி ஸ்மித்தான் கயானா நாட்டுக் கொடியையும் வரைந்தவர். 1965-ல் நெதர்லாந்தில் தொடங்கிய இத்துறையின் உலக மாநாடு இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடுகிறது. வட அமெரிக்கக் கொடியியல் சங்கம் 1967-ல் தோன்றியது முதல் ஆண்டுக் கூட்டம் போடுகிறது. பேராசிரியர், கொடி சேகரிப்பவர், கொடி செய்து விற்பவர் எல்லோரும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து கட்டுரை வாசிக்கிறார்கள். இப்படிப்பட்ட கொடியியல் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பின் கொடியில் இருப்பது சிங்கமும் கழுகும் அல்ல, நீலத் துணியில் ஒன்றோடொன்று பின்னிய இரண்டு மஞ்சள் கயிறுகள். கயிற்றின் அருமை தெரிந்தவர்கள். நம் பக்கம் மட்டும் என்ன குறைச்சல்? புகார் நகரத்தில் ஆசிரியர்கள் வாதுக்கு அழைத்து ஏற்றிய கொடியையும், கள் விற்ற இடத்துக் கொடியையும், கப்பல் கொடியையும் பட்டினப்பாலை தனித்தனியாகச் சொல்கிறது.

நாள் தேட வேண்டியதில்லை. இன்றைய தேசியக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22. கொடியை முடிவு செய்ய ராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த குழுவில் ராஜாஜியும் இருந்தார், அவர் ஓசூரை அடுத்த தொரப்பள்ளிக்காரர். மறுநாள் ஜூலை 23, விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா நம் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் மறைந்த நாள். ஜூலை 22-ல் பாப்பாரப்பட்டியிலேயே கூடினால், கண்ட பிழையைத் திருத்த ஆகஸ்ட் 15-க்கு முன் மூன்று வாரம் கிடைக்கும். மேடைப் பேச்சு அரை மணி போதும். மீதி நேரம் கம்பத்தடியில் கழிய வேண்டும். வர வேண்டியவர்கள் உடற்கல்வி ஆசிரியர்களும், சாரணர், என்.சி.சி. பொறுப்பாளர்களும், ஊராட்சிச் செயலாளர்களும், கொடி தைக்கும் தையல்காரர்களும்.

முதல் பாடம் கயிறு. கப்பி மேல் போய் வருவது ஒரே கயிறு என்றாலும் அதற்கு வேலை இரண்டு. காவிப் பக்கம் கட்டுவது ஏற்றும் கயிறு, பச்சைப் பக்கம் கட்டுவது இறக்கும் கயிறு. 20 அடிக் கம்பத்துக்கு 45 அடிக் கயிறு வேண்டும், அதாவது உயரத்தைப் போல் இரு மடங்கும் மேற்கொண்டு ஐந்தடியும். கொடியை மேசையில் விரித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, பறக்கும் முனையிலிருந்து கம்பத்துப் பக்கமாக விசிறி மடிப்பாகக் கொண்டுவர வேண்டும். பாய் போலச் சுருட்டினால் இறுகிக்கொள்ளும், விசிறி மடிப்பு தானாகச் சரியும்.

பிறகுதான் முடிச்சு. பெரும்பாலான சொதப்பல் இங்கேதான். இறக்கும் கயிற்றை இரட்டையாக வளைத்து, அந்த வளைவைப் பொட்டலத்தின் மேல் ஒரே ஒரு சுற்று சுற்றி, வளைவின் நுனியை நான்கு விரல் அளவு அந்தச் சுற்றுக்குள் செருகினால் போதும். கீழே இழுத்ததும் வளைவு உருவிக்கொண்டு வந்துவிடும். கயிற்றை ஒற்றையாக மூன்று நான்கு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டால், இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. வழுக்கும் நைலான் கயிறு பாதி வழியிலேயே உருவிவிடும், நனைந்த பருத்திக் கயிறு உப்பிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஜனவரிப் பனியில் முந்தின இரவே பொட்டலத்தை மேலேற்றி வைப்பது வினையை விலைக்கு வாங்குவது. ஒத்திகையை மட்டும் முந்தின மாலை பார்த்துவிட்டு, காலையில் புதிதாகக் கட்ட வேண்டும்.

பொட்டலம் கப்பிக்கு நாலு விரல் கீழே வந்ததும் நிறுத்துங்கள். இன்னும் இழுத்தால் முடிச்சு கப்பியில் சிக்கும். உடனே ஏற்றும் கயிற்றைக் கம்பத்துக் கொக்கியில் எட்டுப் போல மாற்றி மாற்றிச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். இறக்கும் கயிற்றை விருந்தினர் கையில் கொடுப்பது அதற்கப்புறம்தான். பொட்டலம் முழுசாக இறங்கி வருவது இந்த வரிசை மாறுவதால்.

விசேஷ நாளில் உள்ளே பூவிதழ் வைக்கக் கொடி விதிகளில் தடையில்லை. ஆனால் ஒரு கைப்பிடி உலர்ந்த இதழ் போதும். ராயக்கோட்டைச் சாமந்தி மலிவாகக் கிடைக்கிறது என்று முழுப் பூவாகக் கால் கிலோ வைத்துக் கட்டினால் கனம் மடிப்பை அழுத்தும், ஈரம் வெள்ளைப் பட்டையில் கறையாகும்.

இரண்டாவது, கடையில் வாங்கும் கொடி. நீளத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் 3:2. டேப் இல்லையென்றால் ஒரு நூல் போதும். கொடியின் உயரத்துக்கு நூலை அளந்து பாதியாக மடித்தால், அந்த அளவு நீளவாக்கில் சரியாக மூன்று முறை போக வேண்டும். 900 × 600 மி.மீ. கொடியில் ஒவ்வொரு பட்டையும் 200 மி.மீ., சக்கரத்தின் விட்டம் 185. சக்கரத்துக்கு மேலேயும் கீழேயும் ஏழரை மி.மீ. வெள்ளை தெரிய வேண்டும். 1350 × 900 கொடிக்குச் சக்கரம் 280, 1800 × 1200 கொடிக்கு 370. அச்சடித்த மலிவுக் கொடிகளில் படத்தை இழுத்துப் பொருத்துவதால் சக்கரம் முட்டை வடிவமாகிவிடுகிறது. சக்கரத்தில் ஆரக்கால் 24 இருக்கிறதா என்று எண்ணியே வாங்குங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. பாலியஸ்டரும் இயந்திரத் துணியும் 2021 டிசம்பர் 30 திருத்தத்துக்குப் பின் செல்லும். ஆகவே கதர் இல்லை என்று யாரையும் குறை சொல்ல முடியாது, அளவு தப்பு என்று சொல்லலாம். கம்ப உயரத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கொடியின் நீளம் இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும். 20 அடிக் கம்பத்தில் 900 × 600 கொடி கைக்குட்டை போலத் தெரியும்.

மற்றவை ஒரு மணி நேரத்துப் பாடம். மேடைச் சுவரில் கொடியை நெடுக்காகத் தொங்கவிட்டால் காவி, பார்ப்பவரின் இடது பக்கம் வர வேண்டும். அரைக் கம்பத்தில் பறக்கவிடும் நாளில் முதலில் உச்சி வரை ஏற்றிவிட்டுத்தான் பாதிக்கு இறக்க வேண்டும், மாலையில் மறுபடி உச்சிக்குக் கொண்டுபோய்விட்டு முழுதும் இறக்க வேண்டும். பொதுமக்கள் வீட்டில் இரவிலும் கொடி பறக்கலாம் என்று 2022 ஜூலையில் விதி திருத்தப்பட்டுவிட்டது. இருந்தும் ஆறு மணி ஆனால் பதறிப்போய் மாடிக்கு ஓடுபவர்கள் இருக்கிறார்கள்.

கூட்டத்தில் ஒரு மூலையில் பெட்டி ஒன்றும் வைக்க வேண்டும், கிழிந்த, சாயம் போன கொடிகளுக்காக. அவற்றைத் துடைக்கும் துணியாக்கவோ குப்பையில் போடவோ கூடாது. கண்ணியம் குறையாமல், தனியிடத்தில், முழுதாக எரித்துவிடுவது நல்லது என்று விதி சொல்கிறது. பள்ளிகளில் பீரோவுக்கு அடியில் கிடக்கும் பழைய கொடிகளுக்கு ஆண்டில் ஒருமுறை இப்படி வழி பிறக்கும்.

செலவு அதிகம் இல்லை. நான்கு கம்பம், நான்கு கொடி, ஐந்தாறு டேப் இருந்தால் நாற்பது பேருக்குப் பயிற்சி கொடுக்கலாம். வருபவர்கள் தங்கள் ஊர்க் கம்பத்தின் உயரத்தைக் குறித்துக்கொண்டு, இப்போது கட்டும் கயிற்றில் ஒரு முழம் வெட்டி எடுத்து வரட்டும். கப்பிக்கு அது பொருந்துமா என்று அங்கேயே பார்த்துச் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
கொடி ஆர்வலர்கள் சிலர்,
தருமபுரி