லைன் வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்: தீபாவளிக்கு ஊர் காலியாகும் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை

வணக்கமுங்க.

திருப்பூர், அவிநாசி, பல்லடம், சோமனூர், ஈரோடு, பள்ளிபாளையம் பக்கங்களில் லைன் வீடு, அதாவது ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டிச் சின்ன வீடுகள், கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் எல்லோருக்கும் இந்த மடல். எழுதுகிற நாங்கள் அந்த வீடுகளில் வயரிங் வேலையும் காஸ் அடுப்புப் பழுதும் பார்க்கிறவர்கள். குடியிருப்பவர்களுக்கு "பாத்து இருங்க" என்று சொல்ல ஆள் நிறைய. ஆனால் பத்துக்குப் பத்து அறையில் தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் ராடு எந்த ப்ளக்கில் ஏறும், சிலிண்டர் எந்த மூலையில் நிற்கும், கசிந்த காஸுக்கு வெளியே போக வழி உண்டா என்பதெல்லாம் வீடு கட்டிய அன்றே முடிவாகிவிடுகிறது. வாடகைக்கு வந்தவர் சுவரை உடைக்க முடியாது. மெயின் போர்டில் கை வைக்கவும் அவருக்கு உரிமையில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறோம்.

முதலில் எர்த், அதாவது கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் வயரும் குழியும். நம் பக்கத்து மண் எர்த்துக்கு ஒத்துழைப்பதில்லை. நாலு அடி தோண்டினால் சுக்காங்கல், அதற்குக் கீழே பாறை. மழையும் கம்மி. ஈரம் இல்லாத மண்ணில் குழாயை இறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடி, அதன்மேல் சிமெண்ட் தளம் போட்டுவிட்டால் இரண்டு வருஷத்தில் அது வெறும் குழாய்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். எர்த் குழியின் மின்தடை 20 ஓம் என்று வையுங்கள். கிரைண்டருக்குள் கரண்ட் வருகிற ஃபேஸ் வயர் தேய்ந்து பாடியில் பட்டால், 230 வோல்ட்டில் எர்த் வழியாக ஓடுவது 11.5 ஆம்பியர். எம்.சி.பி. என்பது லோடு மிஞ்சினால் தானே விழுந்து கரண்ட்டை நிறுத்தும் சுவிட்ச். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு, விழாது. கிரைண்டர் பாடி கரண்ட்டோடு அப்படியே நிற்கும், மாவு வழிக்க ஈரக்கையோடு ஒருவர் தொடும்வரை.

இந்த இடத்தில் உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற, கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச் ஒன்றுதான். போகிற கரண்ட்டையும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்ட்டையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இரண்டு வயரையும் துண்டித்துவிடும். எர்த் சுமாராக இருந்தாலும் வேலை செய்யும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியரா என்று பெட்டியில் பாருங்கள். 100, 300 என்று போட்டவை தீப்பிடிப்பைத் தடுக்க வைப்பவை, ஆளைக் காப்பாற்றாது. இது எம்.சி.பி.க்கு மாற்று இல்லை, இரண்டும் வேண்டும்.

லைன் வீடுகளில் நடக்கும் தப்பு வேறொன்று உண்டு. பத்து வீட்டுக்கும் சேர்த்து மீட்டர் பக்கத்தில் ஒரே ஆர்.சி.சி.பி. மாட்டுவார்கள். மூணாம் வீட்டு ராடு கசிந்தால் பத்து வீடும் இருட்டு. நடு ராத்திரியில் உங்களுக்குப் போன் வரும். நாலு தடவை வந்ததும் "அதைக் கழட்டி நேரா குடுத்துரு" என்று எலெக்ட்ரீசியனிடம் சொல்லிவிடுவீர்கள். வீட்டுக்கு ஒன்று வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. எந்த வீட்டில் விழுகிறதோ அந்த வீட்டுச் சாமானில்தான் பழுது. செலவும் பெரிதில்லை, அந்த வீட்டின் ஒரு மாத வாடகைக்குள் அடங்கும். பழைய வயரிங்கில் ஒரு வீட்டு நியூட்ரலைப் பக்கத்து வீட்டு நியூட்ரலோடு முறுக்கி வைத்திருந்தால் லைட் போட்டதுமே விழும். அப்போது நியூட்ரலைப் பிரிக்க வேண்டும், ஆர்.சி.சி.பி.யைக் கழற்றக் கூடாது. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று எர்த்தை விட்டுவிடவும் வேண்டாம். ப்ளக் பாயிண்ட்டின் மூன்றாவது ஓட்டையில் பச்சை வயர் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று வீட்டுக்கு வீடு திறந்து பாருங்கள். ஓட்டை இருக்கும், வயர் இருக்காது, இது மிகவும் சகஜம். எர்த் குழிக்கு மேல் தண்ணீர் ஊற்ற வாய் வைத்து, சித்திரை வைகாசியில் வாரம் ஒரு குடம் ஊற்றச் சொல்லுங்கள்.

அடுத்து ஹீட்டர் ராடு. லைன் வீடுகளில் எங்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான். நம் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். ராடின் சுருளில் வெள்ளையாக உப்பு ஏறிக்கொண்டே போகும். உள்ளே பிறக்கிற சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் குழாய்க்குள்ளேயே தங்கி, மேல்குழாயில் விரிசல் விடும். விரிசல் வழியே தண்ணீர் உள்ளே போனால் வாளித் தண்ணீர் முழுக்கக் கரண்ட். அலுமினியப் போசியில் (பாத்திரத்தில்) போட்டிருந்தால் போசியே ஷாக் அடிக்கும். "சூடாயிருச்சா" என்று விரல் விட்டுப் பார்க்கிற பழக்கம்தான் ஆளை எடுக்கிறது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஃபேஸும் நியூட்ரலும் மாறிக் கொடுத்திருக்கும் பாயிண்ட்டில் சுவிட்ச் நியூட்ரலைத்தான் துண்டிக்கும், ராடில் ஃபேஸ் இருந்துகொண்டே இருக்கும். சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, அதன் பிறகுதான் தண்ணீரில் கை. போடும்போதும் ராடு தண்ணீருக்குள் குறிக் கோடு வரை இறங்கிய பிறகுதான் சுவிட்ச்.

எங்கள் யோசனை: பொதுக் குளியலறைப் பக்கம் நல்ல எர்த்தோடு ஒரு ஸ்டோரேஜ் ஹீட்டர் வைத்துக் கொடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீரில் தொட்டி துருப்பிடிக்காமல் காக்க அதன் உள்ளிருக்கும் ஆனோடு கம்பி சீக்கிரம் கரையும், வருஷம் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். ஆனால் பத்து ராடுகளைக் கண்காணிப்பதைவிட ஒரு ஹீட்டரைப் பராமரிப்பது சுலபம்.

லோடு கணக்கும் இப்போது பழைய மாதிரி இல்லை. இருபது வருஷத்துக்கு முன் லைன் வீட்டில் ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன், ஒரு டிவி. அதற்கு 1 சதுர மி.மீ. வயரும் 6 ஆம்பியர் பாயிண்ட்டும் தாங்கின. இன்று 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும், 1500 வாட் ராடு 6.5 இழுக்கும். காலை ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இரண்டும் ஒன்றாக ஓடும். பெரிய பின்னைச் சின்ன ஓட்டையில் செருக ஒரு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டிக்கொள்வார்கள். கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு நாலு மடங்கு. முதலில் உருகுவது வயரின் நடுப்பகுதி இல்லை. லூஸான ஸ்க்ரூ, டேப் சுற்றிய ஜாயிண்ட், தளர்ந்த ப்ளக் ஓட்டை, இவைதான். ப்ளக் பாயிண்ட்டில் பழுப்புக் கறையோ கருகிய வாடையோ இருந்தால் அதை அன்றே மாற்ற வேண்டும்.

சமையல் பக்கம் ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட், அதற்கு மீட்டரிலிருந்து தனியாக 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, அதன் தலையில் 16 ஆம்பியர் எம்.சி.பி. இவ்வளவுதான் தேவை. எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று 32 போடச் சொல்லாதீர்கள். எம்.சி.பி. வயருக்குக் காவல். பெரியதைப் போட்டால் விழுவது நிற்கும், வயர் எரியும். காலை ஆறரைக்குப் பத்து வீட்டிலும் இண்டக்‌ஷன் ஓடினால் 20 கிலோவாட். ஒற்றை ஃபேஸ் சர்வீஸில் (மின் இணைப்பில்) அது 87 ஆம்பியர். அதனால் வீட்டுக்கு வீடு தனி சர்வீஸ் வாங்குவதே சரி. வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டும் அப்போது குடியிருப்பவருக்குப் போய்ச் சேரும். த்ரீ ஃபேஸில் வீடுகளைப் பிரித்துக் கொடுத்திருந்தால் நியூட்ரல் ஜாயிண்ட்டை வருஷத்துக்கு ஒருமுறை முடுக்குங்கள். நியூட்ரல் விட்டுப்போனால் சில வீட்டில் லைட் மங்கும், சில வீட்டில் 300 வோல்ட்டைத் தாண்டிப் போய் டிவியும் ஃபிரிட்ஜும் கருகும்.

துணி காயப்போட ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்து நைலான் கயிறு கட்டுங்கள். சர்வீஸ் பைப்பிலிருந்து தகரக் கூரைக்குக் கம்பி கட்டி, ஈரத்துணி போடப் போனவர்கள் உயிரை விட்ட செய்தி மழைக்காலத்தில் வந்துகொண்டே இருக்கிறது. சர்வீஸ் வயர் தகரத்தின் விளிம்பில் உரசுகிறதா என்றும் ஏணி வைத்துப் பாருங்கள்.

இனி காஸ். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படரும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் 28 கன மீட்டர். அறை முழுவதும் அந்த அளவுக்குக் கலக்க ஒரு கிலோவுக்குச் சற்று மேல் காஸ் போதும். சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. தரையில் ஒரு அடி உயரத்துக்கு மட்டும் படர்ந்து நிற்க நூற்றுச் சொச்சம் கிராமே அதிகம்.

இப்போது உங்கள் லைன் வீட்டை நினைத்துப் பாருங்கள். மேடை இல்லை. அடுப்பு தரையில், சிலிண்டர் பக்கத்தில், பாய் அதற்குப் பக்கத்தில். காஸ் எங்கே தேங்குமோ அங்கேயே நெருப்பு. இரண்டரை அடி உயரத்தில் ஒரு கடப்பாக் கல் மேடை போட்டுக் கொடுங்கள். அடுப்பு மேலே, சிலிண்டர் கீழே, நிமிர்ந்த வாக்கில். மேடைக்குக் கீழே கதவு போட்டு மூடவேண்டாம். வெளிச்சுவரில் தரையோரம் ஒரு சாண் உயரத்துக்குள் ஒரு ஜாலி (காற்று போக ஓட்டைகள் உள்ள கல்) வையுங்கள், கசிந்த காஸ் அதன் வழியே போகும். கூரையோரம் இன்னொன்று வையுங்கள், எரிந்த புகை அதன் வழியே போகும். சன்னல் மட்டும் போதாது, அதன் அடிவிளிம்பே மூன்றடி உயரத்தில் இருக்கும். எலிக்குப் பயந்து ஜாலியை அடைக்கிறார்கள், அதனால் கம்பி வலையும் நீங்களே அடித்துக் கொடுத்துவிடுங்கள். கதவு ஒன்றே ஒன்று என்றால், படுக்கிற இடத்துக்கும் கதவுக்கும் நடுவே சிலிண்டர் நிற்காதபடி மேடையின் இடத்தைப் பாருங்கள். சிலிண்டர் பக்கத்தில் ஃபிரிட்ஜுக்குப் பாயிண்ட் கொடுக்க வேண்டாம். அதன் தெர்மோஸ்டாட்டில் பறக்கும் தீப்பொறி ஒன்று போதும்.

டியூப் விஷயம் சின்னது, ஆனால் வீடு வீடாகப் பார்க்க வேண்டியது. பச்சை ரப்பர் குழாயும் பிளாஸ்டிக் குழாயும் வேண்டாம். உள்ளே கம்பிப் பின்னல் உள்ள ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப், ஒன்றரை மீட்டருக்கு மிகாமல், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தேதி டியூபிலேயே அச்சிட்டிருக்கும். சிலிண்டரின் கழுத்துப் பட்டையின் உட்புறம் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் வருஷமும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர் வரை. தேதி கடந்திருந்தால் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். ரெகுலேட்டரை மாட்டியதும் வால்வில் சோப்பு நுரை தடவிப் பார்க்கட்டும். குமிழ் வந்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போயிருக்கும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்!

பனியன் கம்பெனி ஆட்களுக்கு ஓர் ஆபத்து கூடுதல். பன்னிரண்டு மணி நேரம் வீடு பூட்டிக் கிடக்கும். நைட் ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்ததும் கை போவது லைட் சுவிட்சுக்கு. கிளம்பும்போது அடுப்புக் குமிழை மட்டும் அணைக்காமல் ரெகுலேட்டரையே அணைக்கச் சொல்லுங்கள். வந்து கதவைத் திறந்ததும் முதலில் மூக்கு, பிறகு சுவிட்ச். வாடை அடித்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவைத் திறந்து போட்டு, ரெகுலேட்டரைக் கழற்றி வெள்ளை மூடியை அழுத்தி மாட்டி, பக்கத்து வீடுகளின் அடுப்பையும் அணைக்கச் சொல்லி, வெளியே தள்ளி நின்று காஸ் கசிவு அவசர எண்ணான 1906-க்குப் போன் செய்ய வேண்டும். கரண்ட்டைத் துண்டிப்பதாக இருந்தால் வீட்டுக்கு வெளியே, காஸ் எட்டாத தூரத்தில் இருக்கிற மெயினில்தான். உங்கள் லைனில் மெயின் போர்டு முதல் வீட்டு அடுப்படிச் சுவரில் இருந்தால் அதை இடம் மாற்றுங்கள்.

சிலிண்டர் தலையிலேயே பர்னர் மாட்டிய குட்டி அடுப்பை ஒடிசா, பீகார் பையன்கள் அறையில் பார்த்திருப்பீர்கள். பெரிய சிலிண்டரைக் கவிழ்த்து அதில் காஸ் இறக்கிக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. முறையாக நிரப்பும்போது சிலிண்டருக்குள் காஸ் விரிய இடம் விடுவார்கள். இங்கே விளிம்புவரை திரவம் ஏறும். சிமெண்ட் அட்டைக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் அது விரிய இடமில்லாமல் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பர்னரின் சூடும் நேராக வால்வுக்கே இறங்குகிறது. அந்தப் பையன்களைத் திட்டிப் பயனில்லை, முகவரிச் சான்று இல்லாமல் அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. 5 கிலோ சிலிண்டரை அடையாள அட்டை மட்டும் காட்டி ஏஜென்சியில் வாங்கலாம். அதைச் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால் முழு இணைப்பே வாங்கிக்கொள்வார்கள்.

தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போய் லைன் காலியாக இருக்கிற வாரத்தில் மேடை, ஜாலி, தனி வயர், ஆர்.சி.சி.பி. எல்லாம் முடித்துவிடலாம். எங்களுக்கும் அப்போதுதான் கை ஓய்வு. சாவியை வாங்கும்போதே ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அவர்கள் திரும்பி வருகிற அன்று, வீட்டுக்கு வீடு டெஸ்ட் பட்டன் எங்கே இருக்கிறது என்று காட்டி, அவர்கள் கையாலேயே ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள். 1906 என்ற எண்ணைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி, கதவின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். உள்பக்கம் ஒட்டினால் வாடை அடிக்கிற நேரத்தில் யாரும் உள்ளே போய்ப் படிக்க முடியாது.

இப்படிக்கு,
உங்கள் லைன் வீடுகளில் வயரிங்கும் அடுப்புப் பழுதும் பார்க்கிறவர்கள்