கீத் கிரீனைக் காட்டி எங்களைச் சும்மா வாசிக்கச் சொல்லாதீர்கள்

மதுரை வட்டாரத்துச் சபைக் கமிட்டி ஐயாமாருக்கும் போதகர்களுக்கும், ஸ்தோத்திரம்.

டிசம்பர் நெருங்குகிறது. கேரல் ரவுண்ட்ஸ், கிறிஸ்மஸ் விழா, 31ஆம் தேதி ராத்திரி ஆராதனை என்று எல்லாவற்றுக்கும் கீபோர்டு, டிரம்ஸ், கிடார் வாசிக்கிற பையன்களுக்கு உங்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிட்டது. எவ்வளவு தருவீர்கள் என்று எவனாவது வாயைத் திறந்து கேட்டால் போதும், உடனே ஒரு கதை வரும்: அமெரிக்காவில் கீத் கிரீன் என்று ஒருவர், எவ்வளவு பெரிய பாடகர், பாட்டையே இலவசமாகக் கொடுத்தார், நீ என்னப்பா ஊழியத்துக்குப் போய்க் கணக்குப் பார்க்கிறாய்? எனக்கும் அந்த மனுஷனின் பாட்டென்றால் உயிர். அதனால்தான் கதையின் மீதியையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கீத் கிரீன் 1953-ல் நியூயார்க் புரூக்ளினில் பிறந்தவர். 11 வயதிலேயே டெக்கா ரெக்கார்ட்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட பையன், பெரிய ஸ்டாராக வருவான் என்று எதிர்பார்த்தார்கள், வரவில்லை. அப்புறம் போதை, அலைச்சல், அதற்கப்புறம் மனமாற்றம். 1977-ல் வந்த முதல் கிறிஸ்தவ ஆல்பம் நன்றாக ஓடியது. 1979-ல், அதை வெளியிட்ட ஸ்பாரோ கம்பெனியிடமே போய், சுவிசேஷப் பாட்டுக்கு விலை வைக்க மனசு ஒப்பவில்லை, என்னை ஒப்பந்தத்திலிருந்து விட்டுவிடுங்கள் என்று கேட்டு வெளியே வந்தார். சரி, அடுத்த ஆல்பத்துக்குப் பணம்? அவரும் மனைவி மெலடியும் தங்கள் வீட்டை அடமானம் வைத்தார்கள். 1980-ல் வந்த அந்த ஆல்பத்துக்கு, முடிந்ததைக் கொடுங்கள், முடியாதவர்கள் சும்மாவே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். (அதில் ஒரு பாட்டுக்கு மவுத் ஆர்கன் வாசித்தது பாப் டிலன்.) 1982 மே மாதத்துக்குள் சுமார் 2 லட்சம் பிரதிகள் போயிருந்தன, அதில் 61,000 இலவசம். அதே வருஷம் ஜூலை 28, டெக்சாஸில் சின்ன விமானம் ஒன்று விழுந்து, அவர், அவருடைய இரண்டு பிள்ளைகள் என்று மொத்தம் 12 பேர் இறந்தார்கள். அவருக்கு வயது 28.

இதில் நீங்கள் மேடையில் சொல்லாமல் விடுவது இரண்டு. அடமானத்துக்குப் போனது அவருடைய வீடு, அதை முடிவு செய்ததும் அவர்தான், எந்தக் கமிட்டியும் உட்கார்ந்து அவர் தலையில் கட்டவில்லை. இன்னொன்று, காசே வேண்டாம் என்று சொல்லியும் பெரும்பாலான ஜனங்கள் ஏதோ கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார்கள், அந்தக் கூச்சத்தில் கொஞ்சம் நமக்கும் இருந்தால் நல்லது.

உதாரணம் வேண்டுமென்றால் இன்னொரு அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடகர் ரிச் முல்லின்ஸைச் சொல்லுங்களேன். நம் இங்கிலீஷ் ஆராதனைகளில் பாடுகிற ‘ஆசம் காட்’ அவர் எழுதியது, 1988. தன் வருமானம் எவ்வளவு என்றே அவர் தெரிந்துகொள்ளவில்லை. பணம் சபை மூப்பர்கள் கைக்குப் போனது. அமெரிக்காவில் ஒரு சாதாரணத் தொழிலாளியின் சராசரிச் சம்பளம் என்னவோ அதை அவருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை தர்மத்துக்கு விட்டார்கள். 1997-ல் சாலை விபத்தில் சாகிறவரை, கடைசி ஆண்டுகளில் நவாஹோ பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு எளிமையான ஆளுக்கும் மூப்பர்கள் சம்பளம் போட்டார்கள், ஐயா. அமெரிக்கா வரை போக வேண்டாம் என்றால், கீர்த்தனைகளை நமக்கு விட்டுப்போன தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் சரபோஜி மன்னரின் அரண்மனைக் கவிஞர்.

இங்கே என்ன நடக்கிறது? பந்தல்காரருக்கு அட்வான்ஸ், மைக்செட்காரருக்கு அட்வான்ஸ், பிரியாணி மாஸ்டருக்கு முழுப் பணமும் முன்னாடியே. ஒத்தக்கடையிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் சொந்தக் கீபோர்டை பைக்கில் கட்டிக்கொண்டு வந்து, ராத்திரி பத்து மணி வரை குவயர் பிராக்டிஸுக்கு நிற்கிற பையனுக்கு ஒரு பொன்னாடை. எனக்கே பீரோவில் ஒரு அடுக்கு நிறைய இருக்கிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் எடுக்கிற சபைக்குப் பணமில்லை என்று சொன்னால் நம்புகிற மாதிரி இல்லை.

அவன் என்ன செய்வான்? சித்திரை, வைகாசியில் ஊர்த் திருவிழாக் கச்சேரிக்கும், முகூர்த்த நாளில் கல்யாண ரிசப்ஷனுக்கும் போகிறான். பையன் உலகத்தானாகிவிட்டான் என்று நீங்கள் ஜெபக்குறிப்பில் அவன் பெயரை எழுதுகிறீர்கள். பைபிளில் நெகேமியா 13ஆம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பங்கு கொடுக்காததால் ஆலயத்துப் பாடகர்கள் தங்கள் வயலுக்கே ஓடிப்போனார்கள். நெகேமியா கோபப்பட்டது பாடகர்கள் மேல் இல்லை, பொறுப்பில் இருந்தவர்கள் மேல்.

இந்த வருஷ பட்ஜெட்டில் இசைக்கென்று ஒரு தொகையை எழுதுங்கள். அதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள், விழா முடிந்து கவருக்குள் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டாம். தர முடியாத சின்னச் சபை என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், சும்மா வருவதா வேண்டாமா என்று அவன் முடிவு செய்யட்டும், பாதிப் பேர் வந்துவிடுவார்கள். ஆட்டோ காசு மட்டும் எப்படியும் தனி.