வீழ்ந்த வீரனுக்கு எந்தக் கிளாஸ்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதையை வளர்த்துச் செல்லும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு வாசித்தேன். ஆறு ஆண்டுகளாக என் வீட்டுக் கூடத்தில் டன்ஜன் மாஸ்டராக, அதாவது கதையை நடத்திச் செல்பவராக, இருந்து, நான்கு பேருக்கு இந்த ஆட்டத்தைத் தமிழிலேயே நடத்திவருகிறேன். ஆகவே, கட்டுரையின் முடிவில் இருந்த ஒரு விடையை மட்டும் கண்டும் காணாமல் விட என்னால் முடியவில்லை. செருக்கால் வீழ்ந்து, பின்னர் மனம் வருந்திப் பணிந்த ஒரு வீரனை ஆட விரும்புபவர் எந்தக் கிளாஸை (கதாபாத்திரத்தின் தொழில் வகையை)த் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு, 'ஓத்பிரேக்கர் பாலடின்' என்று சுருக்கமாக விடை தரப்பட்டிருந்தது. பாலடின் என்பவன் புனித உறுதிமொழி ஒன்றால் ஆற்றல் பெறும் வீரன்; ஓத்பிரேக்கர் என்றால் அந்த உறுதிமொழியை முறித்தவன். இப்போதுதான் ஆடத் தொடங்கும் இளைஞர்கள் அதை நம்பினால், தாம் சொல்ல விரும்பிய கதைக்கு நேர் எதிரான கதைக்குள் போய்ச் சேர்வார்கள் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஓத்பிரேக்கர் என்ற பெயரைக் கேட்டதும், வாக்குத் தவறிய எவரும் அதில் அடங்குவர் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் 2014-ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் டன்ஜன் மாஸ்டர் கையேடு, அதனை வில்லன்களுக்கு உரிய பிரிவில்தான் வைத்திருக்கிறது. இருண்ட பேராசைக்காகவோ தீய சக்தி ஒன்றுக்குப் பணிபுரியவோ தன் உறுதிமொழியை முறித்தவனே அங்கே ஓத்பிரேக்கர். அந்தக் கதாபாத்திரம் தீய சார்பு கொண்டிருக்க வேண்டும் என்பதும் விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஏழாம் லெவலில் (வளர்ச்சிப் படியில்) அவனுக்குக் கிடைக்கும் ஆற்றல், பத்து அடிக்குள் நிற்கும் பேய்களுக்கும் நடைபிணங்களுக்கும் சேர்த்தே தாக்கும் வலிமையைக் கூட்டுகிறது. தான் செய்த பிழையை எண்ணித் தூக்கமின்றிக் கிடப்பவனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இதே ஆட்டத்தில், 2017-இல் வந்த விரிவாக்க நூலில், ஓத் ஆஃப் ரிடெம்ப்ஷன் (மீட்சியின் உறுதிமொழி) என்றொரு பாலடின் உறுதிமொழி இருக்கிறது. அதற்கும் ஏழாம் லெவலில் பத்து அடி எல்லைக்குள் செயல்படும் ஓர் ஆற்றல் உண்டு. அந்த எல்லைக்குள் இருக்கும் ஒருவர் மீது விழும் காயத்தை, அவருக்குப் பதிலாகப் பாலடின் தன் உடலில் ஏற்றுக்கொள்ளலாம். அப்படி ஏற்ற காயத்தை எந்த வழியாலும் குறைத்துக்கொள்ள முடியாது. அதே லெவல், அதே பத்து அடி. ஒருவன் அந்த வட்டத்துக்குள் தீயவற்றை வலுப்படுத்துகிறான். மற்றவன் பிறர் வலியைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறான். கட்டுரையாளர் பரிந்துரைத்தது முதலாமவனை. வாசகர் கேட்டது இரண்டாமவனை.

ஆயினும், தொடக்கத்திலேயே பாலடினாக நுழைந்து மூன்றாம் லெவலில் இந்த உறுதிமொழியை ஏற்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். என் கருத்தில், வீழ்ந்தவன் முதலில் வெறும் ஃபைட்டராகத்தான், அதாவது ஆயுதப் பயிற்சி மட்டுமே உள்ள போர்வீரனாகத்தான், மேசைக்கு வர வேண்டும்; பிறகே பாலடினாக மாற வேண்டும். அதற்குரிய காரணம் இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த ஆட்டத்துக்குள் பாலடின் 1975-இல் வெளிவந்த துணைநூல் வழியாக நுழைந்தான். 1978-ஆம் ஆண்டின் ஆட்டக்காரர் கையேடு மிகக் கடுமையான விதி ஒன்றை வகுத்தது: அறிந்தும் விரும்பியும் ஒரு தீச்செயலைச் செய்த பாலடின் அந்தக் கணமே தன் தகுதியை இழப்பான், எந்த நற்செயலும் எந்த மந்திரமும் அதை மீட்டுத் தராது, அன்று முதல் அவன் ஒரு ஃபைட்டர் மட்டுமே. மூன்றாம் பதிப்பில் பரிகார மந்திரம் ஒன்றின் வழியாகத் திரும்பும் பாதை அமைந்தது. ஐந்தாம் பதிப்போ, தன் சமயத்தைச் சேர்ந்த கிளெரிக்கிடமோ (தெய்வ அருள் பெற்ற குருவிடமோ) தன் அணியைச் சேர்ந்த மற்றொரு பாலடினிடமோ சென்று பிழையை ஒப்புக்கொள்வதையும், நோன்பிருப்பதையும், இரவு முழுவதும் விழித்திருந்து வேண்டுவதையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. 1978-இன் விதியில் மன்னிப்புக்கு இடமில்லாதது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வீழ்ந்தவனிடம் எஞ்சுவது எது என்பதை அந்த விதியே சரியாகக் கண்டது. பாலடினின் ஒளி உறுதிமொழியிலிருந்து வருகிறது. உறுதிமொழி போனால் எஞ்சுவது கையும் வாளும் பழகிய உடலும்தான். அதுவே ஃபைட்டர். முன்பு பெருவீரனாக இருந்தவன் மற்றவர்களைப் போல் முதல் லெவலில் தொடங்குவது எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்களுக்கும் இதில் விடை இருக்கிறது: அந்தப் பெருமை அவனுடையதாகவே இருக்கவில்லை.

மற்ற கிளாஸ்களையும் நான் எண்ணிப் பார்க்காமல் இல்லை. மங்க் (வெறுங்கையால் போரிடும் துறவி) கவசத்தைத் துறக்கிறான் என்பது அழகான காட்சிதான் என்றாலும், அது பழையதை விட்டு விலகிப் போனவனின் கதை. திரும்பிச் சென்று முகம் காட்ட வேண்டியவனின் கதையன்று. கிளெரிக்குக்கு முதல் லெவலிலேயே தெய்வத்தின் அருள் கிட்டிவிடுவதால், வருந்துவதற்கு இடமே இருப்பதில்லை. வார்லாக் (அமானுஷ்ய சக்தி ஒன்றோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெற்றவன்) வீழ்ச்சிக்குப் பொருந்துவான். அதற்குப் பிந்தைய வாழ்வுக்குப் பொருந்துவது அரிது.

ஃபைட்டர் லெவல்கள் இரண்டே போதும் என்பது என் அனுபவம். அதற்கு மேல் நீட்டினால், மற்ற போர்வீரர்கள் ஐந்தாம் லெவலில் பெறும் இரண்டாவது தாக்குதல் இவருக்கு மிகவும் தள்ளிப்போகும்; ஒருவரின் கதைக்காக உடன் ஆடும் மூவரும் சுமை தாங்க வேண்டிவரும். பணிவைக் காட்டுவதற்காகக் கதாபாத்திரத்தை வேண்டுமென்றே பலவீனமாக அமைப்பது நம்மிடையே பரவலாகக் காணப்படும் பிழை. எங்கள் மேசையில் ஆடும் கல்லூரி மாணவி ஒருவரும் அவ்வாறே தொடங்கினார். அவருடைய வீரன், எதிரித் தளபதியை வீழ்த்திய புகழ் தனக்கே வர வேண்டும் என்று கோட்டை வாயிற்காவலை விட்டுச் சென்றவன். அவன் திரும்பி வருவதற்குள் காவலற்ற வாயில் வழியே எதிரிகள் நுழைந்து ஊரை எரித்துவிட்டார்கள். தலைகுனிந்து நிற்பவன் என்பதால் அவனுக்குக் கரிஸ்மா (பிறரை ஈர்க்கும் திறன்) எட்டு போதும் என்றார் அவர். நான் தடுத்தேன். இரண்டு கிளாஸ்களைக் கலக்க டன்ஜன் மாஸ்டர் இசைந்தாலும், பாலடினாக மாற ஸ்ட்ரென்த் (உடல் வலிமை), கரிஸ்மா இரண்டிலும் குறைந்தது பதின்மூன்று இருக்க வேண்டும். எட்டோடு தொடங்கியவனுக்குத் திரும்பும் கதவு தொடக்கத்திலேயே அடைபட்டுவிடுகிறது. மேலும், தன்னைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பவனிடம் பிறரை ஈர்க்கும் உள்வலிமை இருக்காது என்று எப்படிச் சொல்ல முடியும்? கதாபாத்திரத்தின் ஆறு திறன்களுக்கும் வழக்கமாகப் பகிர்ந்தளிக்கும் 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களில் பதினைந்தை ஸ்ட்ரென்த்துக்கும், பதினான்கை உடல் உறுதிக்கும், பதின்மூன்றைக் கரிஸ்மாவுக்கும் வைத்தால் எல்லாம் பொருந்திவிடும். ஃபைட்டராகத் தொடங்குபவருக்குக் கனமான கவசம் அணியும் உரிமை உண்டு என்பதால், எட்டை டெக்ஸ்டெரிட்டிக்கு (சுறுசுறுப்புக்கு)க் கொடுத்தாலும் பெரிய இழப்பில்லை.

அன்று உடன் இருந்த இன்னொருவர் வேறு விதமாகக் கேட்டார். வெண்ணிப் போரில் புறப்புண் பட்டதற்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்ட சேரமான் பெருஞ்சேரலாதனை அறிந்த நாம், இவ்வளவு பெரிய பழியோடு ஒருவன் உயிர் வாழ்வதை எப்படி ஏற்பது என்றார். எங்கள் ஆட்டம் அரை மணி நேரம் நின்றது. இந்த ஆட்டத்துக்குத் தேவை நாணத்தோடு உயிர் தரித்து, மறுநாள் காலையில் எழுந்து மற்றவர்களோடு நடப்பவன்தான் என்று நாங்கள் அன்று முடிவு செய்தோம்.

ஃபைட்டரிடமிருந்து பாலடினுக்கு நடக்கும் அந்த மாற்றத்தில், விதிகளே கதை சொல்லும் இடம் ஒன்று உண்டு. ஃபைட்டருக்கு முதல் லெவலிலேயே செகண்ட் விண்ட் என்ற ஆற்றல் இருக்கிறது. ஒரு பத்துமுகப் பகடையை உருட்டி, வந்த எண்ணோடு தன் ஃபைட்டர் லெவலைக் கூட்டி, அவ்வளவு ஹிட் பாயிண்டுகளை (உயிர்ப் புள்ளிகளை) மீட்டுக்கொள்ளலாம். ஆனால் அது அவனை மட்டுமே ஆற்றும். பக்கத்தில் சாகக் கிடப்பவருக்கு அதில் ஒரு துளியும் தர இயலாது. பாலடினுக்கோ லே ஆன் ஹேண்ட்ஸ் இருக்கிறது. கையை வைத்துப் பிறர் காயத்தை ஆற்றலாம். ஒரு பாலடின் லெவலுக்கு ஐந்து புள்ளிகள் என்பது கணக்கு. முன்பு பத்தாம் லெவல் பாலடினாக இருந்து ஐம்பது புள்ளிகளை வாரி வழங்கியவன் என்று கதையில் வைத்துக்கொண்டால், இப்போது அவனுக்குத் திரும்பக் கிடைப்பவை ஐந்து. அதன் பிறகும் உறுதிமொழி உடனே வருவதில்லை. பாலடினாக மூன்றாம் லெவலை எட்டும்வரை அவன் எந்த உறுதிமொழியும் ஏற்காதவனாகவே நடக்க வேண்டும். அந்த இடைக்காலத்தை அவசரப்பட்டுக் கடத்திவிட வேண்டாம் என்று டன்ஜன் மாஸ்டர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவன் யாருக்குத் தீங்கிழைத்தானோ அவர்களில் ஒருவரையாவது உயிரோடு கதைக்குள் கொண்டுவந்து, அவனோடு பேச வையுங்கள்.

எங்கள் மேசையில், எரிந்த அந்த ஊரில் பிறந்த பையனாக ஆடியவர் உடன் ஆடுபவர்களில் ஒருவரே. மாணவியின் வீரன் ஃபைட்டராக இரண்டு, பாலடினாக ஒன்று என மொத்தம் மூன்றாம் லெவலை எட்டிய முதல் இரவிலேயே, ஒரு சுரங்கப் பாதையில் அந்தப் பையன் ஹிட் பாயிண்ட் எதுவும் மிஞ்சாமல் விழுந்தான். மாணவியின் வீரன் வாளைக் கீழே வைத்து, முழந்தாளிட்டு, அவன் நெற்றியில் கை வைத்தான். விழுந்தவரை எழுப்ப ஒரு புள்ளியே போதும். மீதியைத் தனக்கென வைத்துக்கொள்ளலாம் என்று நான் நினைவூட்டினேன். அவர் ஐந்தையும் கொடுத்தார். எழுந்த பையன் நன்றி சொல்லவில்லை. "வாயிலில் இன்று நான் நிற்கிறேன், நீங்கள் தூங்குங்கள்" என்று மட்டும் சொன்னான். மேசையைச் சுற்றி இருந்த யாரும் சற்று நேரம் பகடையைத் தொடவில்லை.

ஓத்பிரேக்கரைத் தேர்ந்திருந்தால் அந்த இரவு எங்களுக்குக் கிடைத்திருக்காது. ஆகவே, அடுத்த இணைப்பில் அந்த விடைக்குத் திருத்தம் ஒன்றை வெளியிடுமாறும், இடமிருந்தால் ஓத் ஆஃப் ரிடெம்ப்ஷன் பற்றி இரண்டு பத்திகளேனும் சேர்க்குமாறும் பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.