ஆள் மாறினால் பெயரும் மாறும்

அன்புள்ள முரளி,

உன் கடிதத்துக்கு எப்போதோ பதில் போட்டிருக்க வேண்டும். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்ததில் சாமான் எல்லாம் கூடத்தில் குவிந்துகிடக்க, உன் கவரும் அதற்குள் எங்கோ அமுங்கிவிட்டது. அமெரிக்காவில் இருந்துகொண்டு இன்னும் கையால் எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிற ஆள் நீ ஒருவன்தான் என்று இவள் சிரிக்கிறாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரில் ஒரு வரி விடாமல் படித்து, எங்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுகிறாள். சின்னவள் பெங்களூருவில் வேலையில் சேர்ந்துவிட்டாள். தங்கச்சிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? அதைப்பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பையன் உனக்கு வில்கோ ராக் குழுவின் கச்சேரிக்கு டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, 'டாட் ராக்', அதாவது அப்பாக்கள் கேட்கிற ராக், என்று கிண்டலும் பண்ணினானாம். நீ பதிலுக்கு, 'அது ஆல்ட்-கன்ட்ரி பேண்ட், உனக்கென்னடா தெரியும்' என்று, அமெரிக்க நாட்டுப்புறக் கன்ட்ரி பாட்டும் ராக்கும் கலந்த வகையின் பெயரைச் சொல்லிச் சண்டைக்குப் போனாயாம். அதோடு விடாமல், அதில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்த ஜே பென்னெட் வெளியேறிய அன்றே அசல் வில்கோ முடிந்துவிட்டது என்று எனக்கும் ஒரு வரி போட்டிருக்கிறாய். அப்பன் சொன்ன பெயர், மகன் சொன்ன பெயர், இரண்டுமே அரைகுறை என்பது என் கட்சி. இந்தக் குழுவுக்கு இதுவரை ஒட்டிய பெயர்ச்சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார். அந்தந்த நேரத்தில் அறைக்குள் யார், எந்த வாத்தியத்தோடு உட்கார்ந்திருந்தார்கள் என்பதைத்தான் அது சொல்லும்.

முதலில் இருந்து வருகிறேன், பொறுத்துக்கொள். இலினாய்தான், ஆனால் உன் சிகாகோ பக்கம் இல்லை. தெற்கே, செயின்ட் லூயிஸுக்கு எதிர்க்கரைப் பக்கம் பெல்வில் என்று ஓர் ஊர். பள்ளிக்கூடச் சிநேகிதர்களான ஜே ஃபாராரும் ஜெஃப் ட்வீடியும், டிரம்ஸுக்கு மைக் ஹைடார்னும் சேர்ந்து 1987-ல் அங்கே 'அங்கிள் டுபேலோ'வைத் தொடங்கினார்கள். பங்க் என்கிற முரட்டு ராக்கைக் கேட்டு வளர்ந்த பையன்கள் பழைய கன்ட்ரி பாட்டையும் அதே ஆவேசத்தில் வாசித்தார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்தது. 1990-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு, கார்ட்டர் குடும்பத்தார் 1930-களில் பாடிய ஒரு பாட்டிலிருந்து எடுத்து 'நோ டிப்ரஷன்' என்று தலைப்பு வைத்தார்கள். 1995-ல் சியாட்டிலில் ஒரு பத்திரிகை அதே பெயரில் ஆரம்பித்தது. கடைசியில் அந்த வகை இசையையே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பத்திரிகை தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொண்டது தெரியுமா? 'ஆல்டர்னேட்டிவ் கன்ட்ரி' என்று போட்டு, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'அது என்ன எழவோ' என்கிற தோரணையில் ஒரு வால். கொடி பிடித்தவர்களுக்கே கொடியின் நிறம் சரியாகத் தெரியவில்லை. நீ என்னடாவென்றால் இத்தனை வருஷமாக அதைப் பிடித்துத் தொங்குகிறாய்.

1994-ல் ஃபாரார் விலகினார். மே 1-ம் தேதி செயின்ட் லூயிஸில் 'மிசிசிப்பி நைட்ஸ்' கிளப்பில் கடைசிக் கச்சேரி. அதன்பிறகு நடந்தது ஒரு பாகப்பிரிவினை. பெரியவன் கைவீசிக்கொண்டு வெளியேற, பாத்திரம் பண்டம் எல்லாம் சின்னவன் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஹைடார்ன் அதற்கு முன்பே விலகியிருந்தார். பிற்பாடு குழுவில் சேர்ந்திருந்த டிரம்ஸ் கென் கூமர், பேஸ் கிட்டார் ஜான் ஸ்டிராட், ஃபிடிலும் பாஞ்சோவும் வாசித்த மேக்ஸ் ஜான்ஸ்டன், எல்லாரும் ட்வீடியோடு இருந்துவிட்டார்கள். அவர்கள்தான் வில்கோ. 1995-ல் வந்த 'ஏ.எம்.' ஆல்பத்தில் கன்ட்ரி வாசனை தூக்கலாக இருந்தால் அதில் ஆச்சரியம் என்ன? வாத்தியங்களே அதுதானே. அதே வருஷம் ஃபாரார் ஹைடார்னைத் திரும்பக் கூப்பிட்டு 'சன் வோல்ட்' என்ற குழுவைத் தொடங்கி 'டிரேஸ்' ஆல்பம் போட்டார். விமர்சகர்கள் அந்தப் பக்கம்தான் சாய்ந்தார்கள். சரியாகத்தான் சாய்ந்தார்கள் என்பேன். அந்த இரண்டில் எது தேவலை என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் நான் 'டிரேஸ்' என்றுதான் சொல்வேன்.

ட்வீடிக்கு அந்த அடி நல்லதாகப் போயிற்று. 'ஏ.எம்.' முடிந்த கையோடு பென்னெட் வந்து சேர்ந்தார். வீடியோ பிளேயர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். கிட்டார், ஆர்கன், பியானோ, எதைக் கொடுத்தாலும் வாசிப்பார், உடைந்ததைக் கொடுத்தால் பிரித்துச் சரிபண்ணி வாசிப்பார். 1996-ல் 'பீயிங் தேர்' இரட்டை ஆல்பமாக வந்தது. அதை ஒரே சிடி விலைக்கு விற்க வேண்டும் என்பதற்காக ட்வீடி தன் ராயல்டியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தார். அந்தச் சமயத்தில் ஜான்ஸ்டன் போய்விட்டார், ஃபிடிலும் அவரோடு போயிற்று. 1999-ல் 'சம்மர்டீத்' வந்தபோது பென்னெட்டும் ட்வீடியும் ஸ்டுடியோவில் உட்கார்ந்து மெல்லோட்ரான், சின்தசைசர் என்று கீபோர்டு சத்தங்களை அடுக்கடுக்காக ஏற்றியிருந்தார்கள். அதைக் கேட்டுவிட்டும் 'ஆல்ட்-கன்ட்ரி' என்று எழுதியவர்கள் சிடியைக் கவரில் இருந்து எடுத்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

அப்புறம் 2001. உனக்குப் பிடித்த வருஷம், எனக்கும்தான். ஜனவரியில் டிரம்ஸில் இருந்து கூமரை எடுத்துவிட்டு க்ளென் காட்ச்சியை வைத்தார்கள். தாளம் போடுவதோடு நிற்காமல் உலோகத் துண்டு, மணி, கையில் கிடைத்த எதிலும் சத்தம் தேடுகிறவர் அவர். இசைக்கலைஞரும் தயாரிப்பாளருமான ஜிம் ஓ'ரூர்க் வழியாகத்தான் ட்வீடிக்கு அவர் பழக்கம். அதே ஓ'ரூர்க் அடுத்த ஆல்பமான 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்'டை மிக்ஸிங் செய்ய, அதாவது பதிவான சத்தங்களைக் கலந்து சீர்படுத்த வந்ததும், பென்னெட் ஏற்றிவைத்த பல அடுக்குகள் கழற்றப்பட்டன. அதுவரை அவர்கள் ஆல்பங்களை வெளியிட்டுவந்த ரிப்ரைஸ் கம்பெனி இது விலை போகாது என்று கைவிரித்தது. ஆகஸ்டில் பென்னெட் வெளியே. செப்டம்பரில் குழு முழு ஆல்பத்தையும் தன் இணையதளத்தில் யாரும் இலவசமாகக் கேட்கும்படி வைத்தது. கடைசியில் நான்சச் என்ற கம்பெனி வாங்கி 2002 ஏப்ரல் 23-ல் வெளியிட்டது. ரிப்ரைஸ், நான்சச் இரண்டுமே வார்னர் குடும்பம். ஆக ஒரே முதலாளி ஒரே சரக்குக்கு இரண்டு தடவை காசு கொடுத்த கதை. விலை போகாது என்ற சரக்கு பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 13-ம் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

அந்த ஆல்பம் உருவானதைச் சாம் ஜோன்ஸ் கறுப்பு வெள்ளையில் எடுத்த டாகுமென்டரியைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். இரண்டு பாட்டுக்கு நடுவே, ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிற சில நொடிகளை எப்படி ஒட்டுவது என்று பென்னெட்டும் ட்வீடியும் மிக்ஸிங் மேஜை முன்னால் பேசுகிறார்கள். பேச்சு என்றா சொன்னேன்? பென்னெட் தான் சொல்ல வந்தது புரிய வேண்டும் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். புரிந்துவிட்டது என்கிறார் ட்வீடி. இல்லை, புரியவில்லை என்கிறார் இவர். கத்தல் கிடையாது, கை ஓங்கல் கிடையாது. கொஞ்ச நேரத்தில் ட்வீடி எழுந்து கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுக்கிறார். ஒற்றைத் தலைவலிக்காரர் அவர். முதல் தடவை பார்த்தபோது நானும் பென்னெட் பக்கம்தான் இருந்தேன். இந்தத் தடவை, புரிந்துவிட்டது என்று ஒரு மனிதன் சொன்ன பிறகும் விடாத ஆளோடு எத்தனை நாள் ஓர் அறையில் இருக்க முடியும் என்று தோன்றியது. ஆபீசில் அப்படி ஒருவரோடு காலம் தள்ளியவன் நான், உனக்குத்தான் தெரியுமே.

பென்னெட் போனதும் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று புதுச் சீட்டு ஒட்டினார்கள். 2004-ல் 'எ கோஸ்ட் இஸ் பார்ன்' வந்தபோது அந்தச் சீட்டு பொருந்தவே செய்தது. அதில் 15 நிமிஷப் பாட்டு ஒன்று இருக்கிறது. பாட்டு சீக்கிரம் முடிந்துவிடும், மிச்சம் எல்லாம் வெறும் இரைச்சல். தலைவலி உள்ளே இருந்து எப்படி இருக்கும் என்று காட்டத்தான் அது என்று ட்வீடியே விளக்கினார். அதற்கு 'பெஸ்ட் ஆல்டர்னேட்டிவ்' என்று கிராமி கொடுத்தார்கள். கிராமிக்காரர்களுக்கும் எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

அதே 2004-ல் குழுவில் இருந்த லெராய் பாக் விலக, கிட்டார்காரர் நெல்ஸ் க்ளைனும், கிட்டாரும் கீபோர்டும் வாசிக்கிற பாட் சான்சோனும் சேர்ந்தார்கள். கீபோர்டுக்கு மிகேல் ஜோர்கென்சன் அதற்கு முன்பே வந்திருந்தார். அன்று அமைந்த ஆறு பேர்தான் இன்றுவரை. முதல் பத்து வருஷத்தில் வந்தவர் போனவர் கணக்கு வைக்க முடியாமல் இருந்த குழுவில் அதற்குப் பிறகு ஒரு தலை மாறவில்லை. மாறாமல் இருந்ததுதான் குற்றமாகிவிட்டது! 2007-ல் 'ஸ்கை ப்ளூ ஸ்கை' வந்ததும் பிட்ச்ஃபோர்க் என்ற இசை இணையதளத்தின் விமர்சனம் 'டாட் ராக்' என்ற சொல்லை எடுத்து வீசியது. உன் பையன் பேசுவது அங்கிருந்து வந்த பேச்சுதான். எழுதியவர் பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டுத் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார், அதையும் அவனிடம் சொல்லு.

அந்த ஆல்பத்தில் 'இம்பாசிபிள் ஜெர்மனி'யை மட்டும் அவனை உட்கார வைத்துக் கேட்கச் சொல். பாட வேண்டியது கொஞ்சம்தான், பாதியிலேயே முடிந்துவிடும். பிறகு க்ளைனின் கிட்டார் தனியாகக் கிளம்பும், முதலில் அவசரமே இல்லாமல், யோசித்து யோசித்து. அது சூடேறி உச்சிக்குப் போகிற நேரம் பார்த்து மற்ற இரண்டு கிட்டாரும் ஜோடியாக ஒரே மெட்டைப் பிடித்துக்கொண்டு அடியில் நுழையும். க்ளைன் அதற்கு இடம் கொடுத்து, அதன் மேலேயே ஏறிப் போவார். லாஸ் ஏஞ்சலஸில் ஃப்ரீ ஜாஸ் என்கிற கட்டுப்பாடற்ற ஜாஸ் வாசித்து வந்தவர், சேர்ந்தபோது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர், இன்னொருவருக்காகக் காத்திருந்து வாசிக்கிறார். பென்னெட் இருந்த வில்கோவில் இது நடந்திருக்காது. அங்கே வேறு நல்லது நடந்தது, இது நடந்திருக்காது.

2022-ல் வேடிக்கையைப் பார். கன்ட்ரி என்ற பெயரை ஏற்க இத்தனை காலம் தயங்கிய ட்வீடி, 'க்ரூயல் கன்ட்ரி' என்றே தலைப்பு வைத்து 21 பாட்டுகளை வெளியிட்டார். சிகாகோவில் அவர்களுடைய 'லாஃப்ட்' ஸ்டுடியோவில் ஆறு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பெரும்பாலும் ஒரே மூச்சில் வாசித்த ஒலிப்பதிவு. கன்ட்ரி என்றால் கன்ட்ரிதான். ஆனால் 1995-ல் வாசித்த கன்ட்ரி இல்லை. டிரம்ஸில் காட்ச்சி இருக்கிறார், க்ளைன் ஸ்டீல் கிட்டாரை மடியில் வைத்திருக்கிறார். கொஞ்சம் நீளம், நாலைந்து பாட்டைக் குறைத்திருக்கலாம் என்பது வேறு விஷயம்.

உன் வரிக்கு வருகிறேன். பென்னெட் போனதில் ஒன்றும் குறையவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2009 மே மாதம் அவர் ட்வீடி மேல் வழக்குப் போட்டார். அதே மாதம் 24-ம் தேதி தூக்கத்திலேயே போய்விட்டார். 45 வயது. இடுப்பு எலும்பு தேய்ந்து ஆபரேஷனுக்குக் காத்திருந்த மனிதர், வலி மருந்து அளவுக்கு மீறிவிட்டது. 2022-ல் 'யாங்கி'யை விரிவாக்கி மறுபடி வெளியிட்டபோது, கழித்துப்போட்ட பழைய வடிவங்களும் சேர்ந்து வந்தன. அவர் ஏற்றிய அடுக்குகள் பலவற்றை அதில் கேட்கலாம். நான் கேட்டேன். சில இடங்களில் அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. பல இடங்களில் ஓ'ரூர்க் கழற்றியதுதான் சரி. ஆனாலும் கழற்ற அங்கே ஏதாவது இருக்க வேண்டுமே, அதைக் கட்டியவர் பென்னெட்தான். ஆகவே 'அசல் வில்கோ' என்று நீ சொல்வது அவர் இல்லாத துக்கம் என்றால் உன்னோடு நானும் உட்காருகிறேன். அதை ஓர் இசைவகையின் பெயராக்கிப் பையனோடு மல்லுக்கு நிற்காதே.

ஒன்று கேட்கிறேன், இவ்வளவு சண்டையில் ஸ்டிராட் பெயரை யாராவது எடுத்தீர்களா? ட்வீடியைத் தவிர முதல் நாளில் இருந்து இன்றுவரை இருப்பவர் அவர் ஒருவர்தான். ஆல்ட்-கன்ட்ரி என்றபோதும் அதே பேஸ், இரைச்சல் என்றபோதும் அதே பேஸ். கச்சேரிக்குப் போகும்போது பத்து நிமிஷமாவது அவர் கையைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுது.

மார்கழியில் நீ வருவது உறுதிதானே? வரும்போது சாக்லேட் வேண்டாம், இங்கே யாருக்கும் சர்க்கரை ஆகாது. பென்னெட்டும் எட்வர்ட் பர்ச்சும் சேர்ந்து 2002-ல் போட்ட 'தி பேலஸ் அட் 4ஏஎம்' பழைய கடையில் எங்காவது கண்ணில் பட்டால் எடுத்து வை. சிடியோ தட்டோ எதுவானாலும் சரி, ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள். போன தடவை மாதிரி பணம் வேண்டாம் என்று நீ அடம்பிடித்தால் பெட்டியையே திறக்க விடமாட்டேன். தங்கச்சியையும் பையனையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
பாலு